டிஸ்சார்ஜ் சம்மரியையும் கேட்டு வாங்குங்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு,

வணக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீட்டுக்கே வந்து சிகிச்சை தரும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் (பிசியோதெரபி) உண்டு. புற்றுநோய் குணமாகி வீடு திரும்பிய முதியவர்களுக்கு இந்த இயன்முறை சிகிச்சைதான் அதிகம் தேவை. ஆனால் "கால் மதமதன்னு (மரத்துப்போன மாதிரி) இருக்குதுங்க" என்று அவர்கள் சொன்னால், "வயசானா அப்படித்தானுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

பாக்லிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய கீமோ மருந்துகள் கை, கால் நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை. பின்னிரண்டில், கடைசி டோஸ் முடிந்து சில மாதங்கள் வரைகூட மதமதப்பு ஏறிக்கொண்டே போகலாம். கீமோ நின்ற பிறகு கூடியதால் பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு: நீங்கள் வீடு தேடிக் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் ஓடினால் வைட்டமின் பி12 குறையலாம். அதுவும் மதமதப்பைத் தரும். அதை ஊசியிலோ மாத்திரையிலோ ஈடுகட்டலாம் என்பதால் முதலில் பி12 பாருங்கள்.

விழுவாரா என்று வாசலிலேயே அளக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் இயன்முறை மருத்துவர் வர வேண்டும். தோட்டத்துக்கு வெறுங்காலோடு போகிறவருக்கு நெருஞ்சி முள் ஏறியதே தெரியாது. சாயங்காலம் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும், பின்வார் வைத்த செருப்பும் வேண்டும். வெந்நீர்ச் சூட்டைக் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, முழங்கையால் பார்க்கட்டும்.

வாய், தொண்டைக்குக் "கரண்ட் வைத்தவர்கள்", அதாவது கதிர்வீச்சு பெற்றவர்கள், தனி வகை. எச்சில் சுரப்பி வற்றிவிடுவதால் பல் வேகமாகச் சொத்தையாகும். அந்தப் பல்லை முகாமில் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் ஆபத்து உண்டு, அதிலும் கீழ்த்தாடையில். பத்து வருடம் ஆனாலும் இது மாறாது. ஆகவே பிடுங்கும் முன் கதிர்வீச்சு கொடுத்த மருத்துவமனையைக் கேட்டே ஆக வேண்டும். வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 1 டீஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் போதும். அவருடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது, வாய் திறக்கும் பயிற்சியைத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டிருந்தால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். "சோர்வா இருக்குது, குளிருது" என்பவருக்குத் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக: கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கு வருடங்கள் கழித்து மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று மருந்து கொடுத்து விட்டுவிடாதீர்கள், அது கதிர்வீச்சின் பின்விளைவாகவும் இருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் லெட்ரோசோலால் வரும் மூட்டுவலிக்காக அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்த விடாதீர்கள். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவை.

இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். பதிவேட்டில் ஒரு வரி சேருங்கள்: என்ன மருந்து, எந்த இடத்தில் கதிர்வீச்சு, எப்போது முடிந்தது. மூன்றும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அது பெரும்பாலும் எக்ஸ்ரே படங்களோடு மஞ்சப்பைக்குள் பரண் மேல் கிடக்கும். முதல் தடவை போகும்போதே அதை எடுத்து வரச் சொல்லிப் போட்டோ பிடித்துக்கொள்ளுமாறு உங்கள் களப்பணியாளர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கொங்குப் பகுதியில் புற்றுநோய் மறுவாழ்வுப் பணியில் உள்ள செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள்