ஆயில்யப் பெண்கள் மாமியாருக்கு ஆகாதவர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் இதழில் ஆயில்ய நட்சத்திரக்காரர்களின் குணம் பற்றி வந்த பகுதியைப் படித்தேன். கூர்மையான புத்தி, பேசியே காரியத்தை முடிக்கிற திறமை, மனதில் உள்ளதைச் சட்டென்று வெளியே விடாத அழுத்தம், இதெல்லாம் சரி, புதனுடைய நட்சத்திரம், சர்ப்பம் அதிதேவதை, அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கடைசியில் இந்த நட்சத்திரத்துப் பெண்கள் மாமியாருக்கு ஆகாது என்று ஒரே வரியில் போட்டு முடித்துவிட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

என் அக்கா மகள் ஆயில்யம். தாதியாக வேலை பார்க்கிறாள். வரன் பேச வருகிறவர்கள் படிப்பைக் கேட்கிறார்கள், வேலையைக் கேட்கிறார்கள், நட்சத்திரத்தைக் கேட்டதும் பிறகு சொல்கிறோம் என்று போய்விடுகிறார்கள். ஜாதகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பதுகூட இல்லை. மாமியார் இல்லாத இடமாகப் பாருங்கள் என்று அக்காவிடமே ஒருவர் சொன்னார். தாயை இழந்த பையனைத் தேடு என்று ஒரு பெண்ணைப் பெற்றவளிடம் சொல்லலாமா?

எனக்கு ஜோதிடத்தில் முழு நம்பிக்கை உண்டு, அதனால்தான் கோபம் வருகிறது. மொத்தம் 27 நட்சத்திரம், சந்திரன் ஏறக்குறைய ஒரு நாளில் ஒரு நட்சத்திரத்தைக் கடக்கிறது, அப்படியென்றால் பிறக்கிற பெண்களில் சுமார் 27 பேருக்கு ஒருத்தி ஆயில்யம். அத்தனை பேரின் மாமியாருக்கும் ஒரே பலனா? ஒரு நட்சத்திரத்துக்கு நான்கு பாதம், அதாவது நான்கு கால் பகுதி; ஆயில்யத்தின் முதல் பாதத்துக்குத் தோஷம் இல்லை என்று ஜோதிடர்களே பலர் சொல்கிறார்கள். லக்னம், திருமணத்தைச் சொல்லும் ஏழாம் இடம், குரு பார்வை எதையும் பார்க்காமல் நட்சத்திரத்தின் பெயரை மட்டும் கேட்டு ஒதுக்குவதற்கு ஜாதகம் எதற்கு? லட்சுமணன் பிறந்ததும் ஆயில்யத்தில்தான், வால்மீகி ராமாயணத்திலேயே இருக்கிறது. 14 வருடம் காட்டில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் காவல் நின்றானே, அந்த விசுவாசமும் இந்த நட்சத்திரத்தின் குணம்தான் என்று ஏன் எழுதவில்லை?

அப்புறம் இன்னொன்று, இது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். இங்கே பல வீடுகளில் இருப்பது இந்திய நேரப்படி அச்சடித்த பஞ்சாங்கம். அதில் ஆயில்யத்துக்கு முந்தைய நட்சத்திரமான பூசம் காலை 9 மணி வரை என்று இருந்தால் சிங்கப்பூரில் அது 11.30 வரை. இங்கே 10 மணிக்குப் பிறந்த குழந்தை பூசம், ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால் ஆயில்யம் என்று எழுதிவிடுவார்கள். ஒரு நட்சத்திரம் சுமார் 24 மணி நேரம், அதில் இரண்டரை மணி என்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சின்ன விஷயம் இல்லை. (1982 ஜனவரி 1ஆம் தேதிதான் இங்கே கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், 1946 முதல் 1981 வரை பிறந்தவர்களுக்கு இரண்டு மணி நேர வித்தியாசம்தான். பெரியவர்கள் ஜாதகத்தைக் கணினியில் மறுபடி கணிக்கும்போது இதையும் பாருங்கள்.)

அதனால் அந்தப் பகுதியை எழுதும் ஜோதிடரிடம் ஆயில்யத்தைப் பாதவாரியாக இன்னொரு முறை எழுதச் சொல்லுங்கள், சிங்கப்பூர் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது என்றும் ஒரு பத்தி போடச் சொல்லுங்கள். வரிசைப்படி இனி விசாகம், கேட்டை, மூலம் எல்லாம் வரும். கொழுந்தனுக்கு ஆகாது, மூத்தாருக்கு ஆகாது, மாமனாருக்கு ஆகாது என்ற வரிகள் அங்கேயும் வந்துவிடாமல் அச்சுக்குப் போகும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகி,
ஈசூன்