அந்தக் காலிப் பையைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் ஹெலிகாப்டரில் இருந்து காட்டுக்குத் தீ வைக்கும் முறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கோடையில் பெரிய தீ வராமல் இருக்க, ஈரமும் காற்றும் தோதாக இருக்கும் நாளில் நாமே சின்னத் தீயாக வைத்துச் சருகையும் புதரையும் எரித்துவிடுவது என்ற விஷயத்தை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்லியிருந்தார்கள், அதற்கு நன்றி. ஆனால் தரையில் நின்று தீ வைப்பவர்கள் நெருப்புக்குள் மாட்டிக்கொள்ளும் அபாயம் இதில் கிடையாது, ஆகவே இது பாதுகாப்பான முறை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களே, அதைத்தான் என்னால் அப்படியே விட முடியவில்லை. நான் டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு வடக்கே குடியிருக்கிறேன், சாம் ஹூஸ்டன் தேசியக் காடு எங்களுக்குப் பக்கம். இங்கே 2019 மார்ச் 27 அன்று நடந்தது தெரிந்தவர்கள் அந்த வரியை எழுத மாட்டார்கள்.

அன்று அந்தக் காட்டில் திட்டமிட்ட எரிப்பு வேலைக்குப் போன ஹெலிகாப்டர் மரங்களுக்குள் விழுந்தது. உள்ளே மூன்று பேர். வனத்துறைத் தீயணைப்பாளர் ஒருவர் இறந்துபோனார், மற்ற இருவருக்கும் காயம். நெருப்போ புகையோ அதை வீழ்த்தவில்லை. காட்டுக்குத் தீ வைக்க மேலிருந்து போடும் உருண்டைகள் அடைத்து வந்த ஒரு பிளாஸ்டிக் பை, காலியான பிறகு காற்றோடு வெளியே போய், எஞ்சினுக்குக் காற்று போகிற வழியில் ஒட்டிக்கொண்டு அதை அடைத்துவிட்டது, எஞ்சின் சக்தியை இழந்தது என்பதுதான் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்ட காரணம். கட்டுரையாளர் தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் கிடைத்திருக்கும் செய்தி இது.

பை எங்கிருந்து வந்தது என்று புரிய வேண்டுமானால் ஹெலிகாப்டருக்குள் இருந்து அந்த உருண்டைகளைப் போடும் இயந்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், கட்டுரையில் அது மேலோட்டமாகத்தான் இருந்தது. பிங்பாங் பந்தைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் உருண்டைக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள் இருக்கும், நம் ஊரில் கிணற்றுத் தண்ணீரில் போடுவார்களே, அதே ஊதாப் பொடி. இயந்திரம் அந்த உருண்டைக்குள் ஊசியால் எத்திலீன் கிளைக்காலை, அதாவது கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலன்ட்டில் இருக்கும் திரவத்தை, செலுத்தி வெளியே தள்ளிவிடும். இரண்டும் கலந்து இருபது முப்பது விநாடியில் தானாகத் தீப்பிடிக்கும். அதற்குள் உருண்டை தரைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இயந்திரத்தைப் பின் கதவுப் பக்கம் பொருத்துவார்கள், கதவைக் கழற்றியிருப்பார்கள் அல்லது திறந்து வைத்திருப்பார்கள், அதை இயக்குபவர் பறந்துகொண்டிருக்கும்போதே பைகளைப் பிரித்து உருண்டைகளை மேல் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருப்பார். காலிப் பை கையில். திறந்த கதவு. மேலே சுழலும் இறக்கை. எஞ்சினோ அவர் தலைக்குப் பின்னால் கூரைமேல்.

ஊசி குத்திய உருண்டை வெளியே போகாமல் உள்ளேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? அந்த இருபது விநாடி இப்போது ஹெலிகாப்டருக்குள் ஓட ஆரம்பிக்கும். இதற்காகத்தான் இயந்திரத்திலேயே தண்ணீர் வைத்திருப்பார்கள், சிக்கியது தெரிந்ததும் அதைத் திறந்துவிட வேண்டும், அதற்கும் அடங்காவிட்டால் பிடிப்பு வாரை அறுத்து இயந்திரத்தையே வெளியே தள்ளிவிட வேண்டும். வாரை அறுக்க ஆபரேட்டர் கைக்கெட்டும் இடத்தில் கத்தி இருக்கும். இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருகிற காரியமில்லை. தரையில் ஹெலிகாப்டர் நிற்கும்போதே மறுபடி மறுபடி செய்து, கை தன் பாட்டுக்குப் போகிற அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். இயந்திரத்தால் வரும் ஆபத்துகளை இவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் பையால் வரும் ஆபத்தை யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. எரிகிற பொருளையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலையில் எரியாத பொருள் யார் கண்ணிலும் படாது.

இன்னொன்று பறக்கும் உயரமும் வேகமும். எஞ்சின் நின்றாலும் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடாது. கீழே இறங்கும்போது மேல்நோக்கி வரும் காற்றே இறக்கையைச் சுழற்றும், அந்தச் சுழற்சியை வைத்து விமானி பத்திரமாக இறக்கிவிட முடியும். ஆனால் அதற்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் வேகமாவது வேண்டும், இரண்டும் இல்லையென்றால் விமானி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையில் சில விநாடிகள்தான். உருண்டைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் போட வேண்டும் என்றால் தாழ்வாகவும் மெதுவாகவும் போகத்தான் இழுக்கும். கீழே பைன் மரக்காடு, இறங்க ஒரு வெட்டவெளி கூட இருக்காது. 2005 மார்ச்சில் இதே டெக்சாஸின் கிழக்கில் சபீன் தேசியக் காட்டில் இதே வேலையில் இருந்த ஹெலிகாப்டர் விழுந்து உள்ளே இருந்த மூவரும் இறந்தார்கள். எரிப்புத் திட்டம் போடும்போது காற்று, ஈரப்பதம், தீயின் போக்கு எல்லாம் பார்க்கிறார்கள் சரி, எஞ்சின் இப்போது நின்றால் எங்கே இறக்குவது என்ற கேள்விக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் பதில் இருக்க வேண்டும். முதலில் உயரத்தில் சுற்றிப் பார்த்து மின்கம்பி, காய்ந்து நிற்கும் உயர மரம், ஒதுங்க இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட பிறகே கீழே வருவது அதற்காகத்தான். வெயில் நாளில் எவ்வளவு எரிபொருள், எவ்வளவு உருண்டை ஏற்றலாம் என்ற எடைக் கணக்கும் அப்படியே.

தரையிலும் விஷயம் இருக்கிறது. எரிக்கப் போகும் பரப்புக்குள் யாரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் முதல் உருண்டை விழ வேண்டும். தீ வைக்கும் வேலையை நடத்துபவர் விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார். அவருக்கும் தரைக் குழுவுக்கும் ரேடியோ தொடர்பு விட்டுப்போனால் வேலையை அங்கேயே நிறுத்துவதுதான் முறை. உள்ளே இருப்பவர்களில் யாராவது ஒருவர் 'வேண்டாம், திரும்பலாம்' என்றாலும் திரும்ப வேண்டும், அதில் பதவி பார்க்கக் கூடாது. வேலை முடிய இன்னும் ஒரு ஓட்டம்தான் பாக்கி என்று இருக்கும்போது அந்த வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் எரிப்பதற்கே எதிரானவன் என்று நினைத்துவிடாதீர்கள். இங்குள்ள காட்டில் ஒரு மரங்கொத்தி இனம் உயிரோடு நிற்கும் பைன் மரத்தில்தான் பொந்து குடையும், கீழே புதர் மண்டினால் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விடும், அதற்காகவே எரிக்க வேண்டியிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1961இல் டுவெலிங்கப் என்ற ஊரையே காட்டுத்தீ அழித்த பிறகுதான் திட்டமிட்ட எரிப்பு பெரிய அளவில் வந்தது, 1965இல் அங்கேதான் வானிலிருந்து தீ வைக்கும் சோதனையும் தொடங்கியது. அந்த மாநிலத்தின் தென்மேற்கில் வருடத்துக்கு 2 லட்சம் ஹெக்டேர் எரிக்க வேண்டும் என்பது இலக்கு. கையில் பந்தத்தோடு நடந்து அத்தனையும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் கேள்வி, இந்த வேலைக்கு ஹெலிகாப்டருக்குள் மூன்று பேர் உட்கார வேண்டுமா என்பதாக இருக்க வேண்டும். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய டிரோன் ஒன்று 2016லேயே இதே உருண்டைகளைப் போட்டுப் புல்வெளி எரிப்பில் சோதித்துப் பார்க்கப்பட்டது, இப்போது அமெரிக்காவில் பல இடங்களில் இது வழக்கமாகிவிட்டது. டிரோனால் ஒரு முறைக்குச் சில நூறு உருண்டைகள்தான் தூக்க முடியும், பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும், பரந்த காட்டுக்குப் போதாது. சரி. போதுகிற இடத்தில் அதை வைத்துக்கொண்டு, போதாத இடத்துக்கு மட்டும் ஆட்களை ஏற்றலாமே. விழுந்தால் ஒரு டிரோன் போகும், அவ்வளவுதானே. ஹெலிகாப்டர்தான் வேண்டும் என்று முடிவானால், காலிப் பையைப் போட மூடியோடு ஒரு பெட்டி உள்ளே இருக்கிறதா என்பது வரைக்கும் கிளம்புவதற்கு முன் ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும், இன்னொருவர் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'உருண்டைகள் போடும் இயந்திரம்' என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் ஹெலிகாப்டருக்குக் கீழே கயிற்றில் தொங்கும் பீப்பாய் அதுவல்ல, கூழாக்கிய பெட்ரோலை எரியவிட்டுச் சொட்டும் ஹெலிடார்ச். அதில் விமானி மட்டும்தான் உள்ளே இருப்பார், எரிபொருளைக் கலக்கும் குழு தரையில் இருக்கும், அவர்களுக்குள்ள ஆபத்து நிலைமின்சாரப் பொறியும் பெட்ரோல் ஆவியும். பாதுகாப்பு விதிகளும் முற்றிலும் வேறு. அடுத்த இதழில் திருத்தம் போட்டால் நல்லது.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
கான்ரோ, டெக்சாஸ்