தேரிக்காட்டிலிருந்து நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் இங்கே அனைவரும் சுகம். உங்கள் வீட்டாரின் சுகம் அறிய ஆவல். பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

உலகத்தைப் படைத்தவர் அதற்குரிய விதிகளையும் வகுத்துவிட்டாரே, அதன்பின் நாள்தோறும் அவரைப் பராமரிக்கிறவர் என்று துதிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். விதிகளை நானும் மறுக்கவில்லை. அவையும் அவருடைய கைவேலை என்றே நம்புகிறேன். ஆனால் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்கு, வகுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட தேவன் என்ற எண்ணம் ஒட்டவே மாட்டேன் என்கிறது.

தாமிரபரணியையே எடுத்துக்கொள். பொதிகையில் இரண்டு பருவமழையும் பெய்வதால்தான் நமக்குக் கார், பிசானம் என்று இரண்டு சாகுபடி. ஆனால் மழை மட்டும் போதாது. பெய்த நீரெல்லாம் அன்றே கடலுக்கு ஓடிவிடாதபடி, மலைக்காட்டின் மக்கிய இலையும் வேரும் மேட்டுப் புல்வெளியும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றன. சித்திரை வெயிலில் பாபநாசத்துப் படித்துறையில் காலை நனைக்கிறவன், என்றோ பெய்த மழையில்தான் நிற்கிறான். இந்தச் சேமிப்பை நினைக்கும்போதெல்லாம் என் வாயில் துதி தானாக வருகிறது.

அந்த ஆறு எட்டாத எங்கள் தேரிக்கும், இந்தச் செம்மணல் மேட்டுக்கும், அவர் ஒன்றை வைத்திருக்கிறார். செம்மணலில் மற்றதெல்லாம் வாடிப்போகும் பங்குனி, சித்திரையில்தான் பனை பதநீர் தருகிறது. பக்கத்துப் பனந்தோப்பில் பனையேறி காலையும் மாலையும் ஏறுவதைப் பார்க்கிறேன். கடிப்பு என்னும் இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்திய பாளையின் நுனியை அருவாளால் தாள் கனத்துக்குச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தை மாட்டுகிறார். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். மரத்தின் இயல்பு மரத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் நாள் தவறாமல் ஒரு கை அதைத் தொட வேண்டியிருக்கிறது. கர்த்தருடைய பராமரிப்பை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்காவிட்டாலும் 2023 டிசம்பரை விட்டுவிட்டு நான் எழுதக் கூடாது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெள்ளத்தில் உயிர்களும் வீடுகளும் ஆடு மாடுகளும் போயின. ஆற்றின் வழியிலும் குளங்களுக்குள்ளும் நாம் கட்டடம் எழுப்பியதால் துயரம் பெருகியது என்பது உண்மையே. ஆனால் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் முன்னால் நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூட உட்கார்ந்து அழத்தான் முடிந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஸ்தோத்திரப் பாட்டு வந்தபோது தொண்டை அடைத்தது. இருந்தும் பாடினோம், அழிந்த வயலில் மறுபடி நடும் நாற்றுக்கு வெயிலையும் மழையையும் வேறு யாரிடம் கேட்பது?

நான்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு உன்னை அழைத்துப்போக வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. உச்சி வெயிலில் தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்தபடி நிற்கும். அவை மிரளக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. கர்த்தர் தம்முடைய பராமரிப்பில் மனிதருக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கிறார் என்பதை அந்த மக்களிடம்தான் கண்டேன்.

பங்குனியில், ஈஸ்டருக்கு முன்பாக வந்தால் குஞ்சுகளையும் பார்க்கலாம், பதநீரும் குடிக்கலாம். எந்த ரயில் என்று முன்கூட்டியே எழுது. திருநெல்வேலி நிலையத்துக்கு நானே வந்துவிடுகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் நண்பன்