துப்பாக்கி பிடித்தவர்கள் யார் பக்கம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் மக்கள் எழுச்சிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விலைவாசி, வேலையின்மை, ஊழல் மூன்றும் ஓர் அளவைத் தாண்டினால் எந்த நாட்டிலும் ஆட்சி கவிழும் என்கிறார் கட்டுரையாளர். அந்தக் கணக்குப்படி முதலில் கவிழ்ந்திருக்க வேண்டியது வடகொரியா. 1990களின் நடுவில் அங்கே வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் பல லட்சம் பேர். இருபது லட்சத்தைத் தாண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. ஆட்சி அசையவே இல்லை. ஆளும் கிம் குடும்பத்தில் தாத்தா 1994-இல் போனார், மகன் வந்தார், 2011-இல் பேரனும் வந்துவிட்டார். கிழக்கு ஜெர்மனியில் 1989-இல் யாரும் பட்டினி கிடக்கவில்லை. வேலை இருந்தது, வீட்டு வாடகையும் ரொட்டியும் மலிவு. கவிழ்ந்தது அதுதான்.

கோபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கோபம் இல்லாமல் யாரும் தெருவுக்கு வரமாட்டார்கள். ஆனால் தெருவுக்கு வந்தபிறகு நடப்பதைக் கட்டுரை தொடவே இல்லை. எதிரே நிற்கும் படை சுடுமா, சுடாதா? பெரும்பாலும் ஆட்சியின் தலைவிதி அந்த இடத்தில்தான் முடிவாகிறது. 1989-ஆம் வருடத்திலேயே இது இரண்டு விதமாகவும் நடந்தது.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் நிகோலாய் தேவாலயம் இருக்கிறது. அங்கே திங்கட்கிழமைதோறும் சமாதானப் பிரார்த்தனை நடக்கும். 1989 செப்டம்பரிலிருந்து பிரார்த்தனை முடிந்து வெளியே வருபவர்கள் ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள். அக்டோபர் 6-ஆம் தேதி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. எழுதியவர், ஆளும் கட்சி ஆலைத் தொழிலாளிகளைக் கொண்டு அமைத்த ஆயுதப்படையான தொழிலாளர் காவல்படையின் ஒரு தளபதி. சோஷலிசத்தைக் காக்க, தேவைப்பட்டால் ஆயுதம் ஏந்தவும் தயார் என்பது அதன் சாரம். (ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் என்னைப் போலச் சாதுக்கள் இல்லை.) அந்த ஜூன் மாதம்தான் பெய்ஜிங்கில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மக்களைச் சீன ராணுவம் சுட்டிருந்தது, அதை ஆதரித்து கிழக்கு ஜெர்மன் நாடாளுமன்றமே தீர்மானம் போட்டிருந்தது. அதனால் கடிதத்தின் அர்த்தம் ஊரில் எல்லாருக்கும் புரிந்தது.

மூன்று நாள் கழித்து, அக்டோபர் 9, திங்கட்கிழமை. சுமார் எழுபதாயிரம் பேர் வந்தார்கள். கூட்டம் இவ்வளவு வரும் என்று அதிகாரிகள் எதிர்பார்க்கவே இல்லை. காவல்படைக்காரர்களில் பலர் உள்ளூர் ஆலைத் தொழிலாளிகள். கூட்டத்தில் நின்றவர்கள் அவர்களோடு வேலை பார்ப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். சிலர் பணிக்கு வரவே மறுத்துவிட்டார்கள். இசைக்குழு நடத்துநர் குர்ட் மசூரும் இன்னும் ஐந்து பேரும் வன்முறை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்ட வேண்டுகோள் நகர ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. அந்த ஐந்து பேரில் மூவர் ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள்! என்ன செய்வது என்று கேட்டு பெர்லினுக்குப் போன் போனது. பிறகு சொல்கிறேன் என்றார் கட்சித் தலைமையில் பாதுகாப்பைக் கவனித்த ஏகோன் கிரென்ஸ். அவர் திரும்பக் கூப்பிடுவதற்குள் ஊர்வலம் சுற்றுச்சாலையைக் கடந்துவிட்டது. ஒன்பதாவது நாள் நாட்டின் தலைவர் ஹோனெக்கர் பதவி விலகினார். நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்தது.

இதே நாட்டில் 1953 ஜூனில் தொழிலாளர்கள் எழுந்தபோது சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. 1989-இல் லட்சக்கணக்கான சோவியத் வீரர்கள் அங்கேயே இருந்தும் முகாமை விட்டு வெளியே வரவில்லை. சோவியத் தலைவர் கோர்பச்சேவுக்குப் படையை ஏவுவதில் விருப்பமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. 1953-இல் மக்களுக்குக் கோபம் குறைவாகவா இருந்தது?

பெய்ஜிங்கிலும் முதல் தடவை படை தோற்றுத்தான் போனது. மே 20-ஆம் தேதி ராணுவச் சட்டம் அறிவித்துப் படையை அனுப்பினார்கள். நகர மக்கள் லாரிகளை மறித்து, சிப்பாய்களுக்குச் சாப்பாடு கொடுத்து, மணிக்கணக்காகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். தலைநகருக்குப் பக்கத்தில் இருந்த 38-ஆவது படைப்பிரிவின் தளபதி சூ சின்சியான், படையை நடத்திப்போக மறுத்துவிட்டார். அதற்காகப் பின்னால் அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி ஐந்து வருடம் சிறையில் போட்டார்கள். அவர் மறுத்த பிறகு நாட்டின் வேறு பகுதிகளிலிருந்தும் படைகளைத் திரட்டி, ஜூன் 3 இரவு துப்பாக்கியோடு உள்ளே விட்டார்கள். கட்சித் தலைமையில் விட்டுக்கொடுக்கலாம் என்று சொன்ன சாவ் சியாங்கை அதற்குள் ஓரங்கட்டியாகிவிட்டது. மேலே தயங்க ஆளில்லை, கீழேயும் மறுக்க ஆளில்லை.

சன்னியான பஹ்ரைன் மன்னர் இந்தத் தலைவலியே வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொண்டார். நாட்டில் பெரும்பான்மை ஷியாக்கள்; போலீஸில் பாகிஸ்தான் போன்ற வெளிநாடுகளிலிருந்து எடுத்த சன்னிகள் ஏராளம். அதுவும் போதாமல், மக்கள் எழுந்தபோது 2011 மார்ச்சில் சவுதி படை இரு நாடுகளையும் இணைக்கும் கடற்பாலம் தாண்டி வந்தது. அதே சமயத்தில் துனிசியாவிலும் எகிப்திலும் ராணுவம் அதிபர்களைக் கைவிட்டது, அவர்கள் போனார்கள். படை ஒதுங்கி நின்றால் எல்லாம் சுபம் என்றும் நினைக்க வேண்டாம். எகிப்தில் 2013-இல் அந்த ராணுவமே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

கொழும்பை நாம் மறக்க முடியாது. 2022 ஜூலை 9 அன்று அதிபர் மாளிகை வாசலில் நின்ற படையினர் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள், கடைசியில் கூட்டம் உள்ளே போய்விட்டது. இதே ராணுவம் 2009-இல் முள்ளிவாய்க்காலில் எப்படி நடந்துகொண்டது என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் வந்த கூட்டத்தில் பெரும்பாலோர் சிப்பாய்களுடைய ஊர்க்காரர்கள், அவர்களுடைய மொழி பேசுகிறவர்கள். கட்டுரையாளர் அந்தப் போராட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, பெட்ரோல் வரிசையையும் மின்வெட்டையும் விவரித்திருக்கிறார். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

கட்டுரையின் கடைசியில், அடுத்துக் கவிழப்போகும் நாடுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் பணவீக்க விகிதம் இருக்கிறது, வேலையில்லாதோர் விகிதம் இருக்கிறது. சிப்பாய் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறான், அவனுக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா, தளபதி ஆள்பவரின் சொந்தக்காரரா என்ற மூன்றையும் சேர்த்து அடுத்த இதழில் அதே பட்டியலைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். வரிசை நிச்சயம் மாறும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்