வத்தல் காயும் மாடியில் முகாம் பெண்களுக்கும் இடம் வேண்டும்

திருநெல்வேலி மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்புப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எங்கே சண்டை, எங்கே வெள்ளம் என்றாலும் அரிசி, சேலை, பிஸ்கட் என்று வண்டியை நிரப்பிவிடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அரிசி கொடுக்க அரசாங்கம் இருக்கிறது. 2022ல் இலங்கை நெருக்கடியின்போது 40,000 டன் அரிசி தருவதாக அறிவித்தது தமிழ்நாடுதான். அந்தச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வீடு வாசலை விட்டு ஓடிவந்த குடும்பம் மாதக்கணக்கில் வெறும் சோற்றையும் பருப்பையும் எப்படித் தின்னும்? வத்தலும் வடகமும் ஊறுகாயும் நாம் போட்டு வைக்கலாம். அதை இலங்கைத் தமிழர் முகாம் பெண்களோடு சேர்ந்து செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கங்கைகொண்டானிலும் கோபாலசமுத்திரத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகப் படகேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். இத்தனை வருஷமும் அவர்களை உதவி வாங்கிக்கொள்ளும் ஆட்களாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அவர்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை நாம் கேட்டுக் கற்றதே இல்லை.

பனங்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது பொங்கல் பண்டம். மஞ்சள் போட்டு அவிப்போம், நாரை உரித்துத் தின்போம், மிஞ்சினால் மாட்டுக்கு. யாழ்ப்பாணத்தார் அவித்த கிழங்கைத் தோலுரித்துப் பிளந்து வெயிலில் போட்டால் புழுக்கொடியல். அவிக்காமல் காயவைத்தால் ஒடியல். முகாமில் ஒரு அம்மா எனக்குப் புழுக்கொடியல் தந்தார். விறகுச் சிராய் மாதிரி இருந்தது. ‘தேங்காய்ச் சொட்டோட கடியுங்கோ’ என்றார், தேங்காய்ச் சில்லைத்தான் அப்படிச் சொன்னார். மெல்ல மெல்ல இனித்தது. (தாடை வலித்தது வேறு விஷயம்.) ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை எடுத்துவிட்டுப் பிட்டும் கூழும் செய்வார்கள். பனம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. பனை நம்மிடமும்தான் நிற்கிறது.

2023 டிசம்பர் 17, 18ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டியதில் அடுப்பும் விறகும் நனைந்து போன வீடுகளில் அரிசி இருந்தும் உலை வைக்க வழியில்லை. அடுப்பில்லாமல் அப்படியே மென்று தின்ன ஒன்று கையில் இருந்திருந்தால் எவ்வளவு உதவி! கையில் பையோடு ஓடி வருகிறவர்களுக்கும் அதே கதைதான்.

சரி, எப்படிச் செய்வது? தை பிறந்ததும் கிழங்கு, மாசி, பங்குனியில் கொத்தவரை, சுண்டைக்காய், மோர் மிளகாய். தக்காளி விலை விழுந்து சாலையோரம் கொட்டுகிற வாரத்தில் அதையும் நறுக்கி உப்புப் போட்டுக் காயவைக்கலாம். ஆனி பிறந்தால் காற்று மண்ணை அள்ளிப் போடும். அதற்குள் முடித்துவிட வேண்டும். வத்தல் கையில் ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில். பூசணம் கண்டால் சுரண்டிக் கொடுக்கிற வேலை வேண்டாம், கொட்டிவிடுங்கள். புளிப்பில்லாத காய்கறியைப் பாட்டிலில் அடைத்து வைக்கும் யோசனையும் வேண்டவே வேண்டாம். அதில் ஊறும் நஞ்சு வாசனையில்கூடத் தெரியாது.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். பஞ்சாயத்து அலுவலகத்தில் பேசிச் சமுதாயக் கூட மாடியைக் கோடை முழுக்க வாங்கிக் கொடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை உங்கள் குழுவின் பெயரில் எடுங்கள், முகாம் பெண்களுக்குக் காகித வேலை ஏற்கெனவே அதிகம். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாளில் வேலை வைக்காதீர்கள். கூலியை நமக்கும் அவர்களுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். போட்டதில் ஒரு பங்கை விற்று உப்பு, எண்ணெய்ச் செலவை எடுத்துக்கொண்டு, மீதியைத் தகர டின்னில் அடைத்து நிவாரணத்துக்கு வையுங்கள்.

பொங்கல் கழிந்த மறுநாளே பாளை மார்க்கெட்டில் கிழங்குக் கட்டு விலை இறங்கிவிடும். மார்கழிக்குள் ஒரு பதில் சொல்லுங்கள், கொள்முதலுக்கு ஆள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்களில் ஒருத்தி