புத்தகம் பிடிக்கும் என்பது போதாது, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். "வேலையை விட்டுட்டு லைப்ரரி படிப்பு, பி.லிப். படிக்கலாம்னு இருக்கேன்மா. உன்னை மாதிரி சின்னப் பசங்க லைப்ரரியில சேந்துடறேன்" என்று போன வாரம் சொன்னாய். அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். போனில் அரைகுறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

நீ சொன்ன காரணம் ஒன்றுதான்: "எனக்குப் புத்தகம்னா உயிரும்மா." அது எனக்குத் தெரியாததா? சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, சாம்பார் ஊற்றினேனா ரசம் ஊற்றினேனா என்றுகூடப் பார்க்காமல் சாப்பிட்ட பெண் நீ. ஆனால் அந்தக் காரணத்துக்காக மட்டும் இந்த வேலைக்கு வருவதென்றால், வேண்டாம். வாசிப்பதற்கு உனக்கு இப்போது கிடைக்கிற நேரம்கூட இங்கே கிடைக்காது. கணக்கு எழுதும் வேலையிலிருந்து பள்ளி நூலகத்துக்கு நான் ஏன் மாறினேன், மாறிய பிறகு என் வாசிப்பு என்ன ஆயிற்று என்பதை உன்னிடம் முழுசாகச் சொன்னதே இல்லை. அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

அம்மாச்சி வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்த கட்டுகள் அதில் கிடக்கும். நடுவில் ஓர் அத்தியாயம் விட்டுப்போயிருக்கும், அங்கே என்ன நடந்திருக்கும் என்று நானே கட்டிக்கொள்வேன். அம்புலிமாமா பக்கத்து வீட்டிலிருந்து வரும், மறுநாளே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகங்கள் கண்காட்சிக்கு வந்தால், கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கம் பக்கமாகப் படம், விலையோ நம்மால் கொடுக்க முடிந்த விலை. பனியைப் பார்த்தே இராத சீர்காழிப் பெண்ணுக்கு கரடியும் பிர்ச் மரமும் சொந்த ஊர்போல ஆகிவிட்டன. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த வரத்தும் நின்றுபோனது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், ஒரு சொந்தக்காரர் போய்விட்டதுபோல வருத்தப்பட்டேன்.

பிறகு வேலை, கல்யாணம், நீ. சீட்டுக் கம்பெனியில் கணக்கு எழுதிய வருஷங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். சம்பளம் நல்ல சம்பளம்தான், வேலையிலும் எனக்கு வெறுப்பில்லை. தவணை கட்ட வருகிற பெண்களோடு பிள்ளைகளும் வருவார்கள். அம்மா வரிசையில் நிற்க, பிள்ளை சிணுங்கும். மேசை டிராயரில் உன் பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றை வைத்திருப்பேன், எடுத்துக் காட்டிக் கதை சொல்வேன். நாளாக ஆக, தவணைத் தேதி எப்போது வரும் என்று நானே எதிர்பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிள்ளை எந்தப் பக்கத்தில் கையை வைக்கிறது, எங்கே "அப்புறம்?" என்று கேட்கிறது என்பதெல்லாம் இராத்திரி படுக்கும்போதும் மனதில் ஓடும். தொலைதூரக் கல்வியில் பி.லிப். சேர்ந்தது அதற்குப் பிறகுதான். புத்தகம் எனக்கு முன்பே இருந்தது, அதற்காக மட்டும் நான் வேலை மாறியிருக்க மாட்டேன்.

அந்தப் பாடத்தில்தான் இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்கிற எஸ்.ஆர். ரங்கநாதனை முழுசாகத் தெரிந்துகொண்டேன். நம் ஊர்க்காரர், 1892-ல் இங்கே பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த கொஞ்ச நாளிலேயே வெறுத்துப்போய், "என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று கேட்டார். பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையிலிருந்து வந்தவருக்கு ஆள் நடமாட்டமில்லாத அந்த இடத்தில் பொழுது போகவில்லை. இங்கிலாந்துக்குப் போய்ப் படித்து, அங்கே ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். எல்லாத் தரப்பு மக்களும், குழந்தைகளும் நூலகத்துக்குள் புழங்குவதைக் கண்டபிறகுதான் அவருக்கு இந்த வேலை பிடித்தது. 1931-ல் வந்த அவருடைய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் எனக்கு வேதம்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அடுக்குக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிற வேலை இது.

எங்கள் பள்ளியில் டூயி எண் முறைதான், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் கொடுத்துப் புத்தகங்களை அடுக்குவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 567.9 என்றால் டைனோசர் என்று தெரியும், நேராக அந்த அடுக்குக்கு ஓடுவார்கள். நாய்க்கு 636.7, பூனைக்கு 636.8, நாட்டார் கதைக்கு 398.2. எண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஒன்றும் எடுக்காமல் ஜன்னல் பக்கம் நிற்பவன்தான் என் வேலை.

ஒருவனைச் சொல்கிறேன். பழையாற்றுப் பக்கத்திலிருந்து பள்ளி வேனில் வருகிறவன், அப்பா விசைப்படகில் போகிறவர். கதைப் புத்தகம் கொடுத்தால் வாங்கி மேசையிலேயே வைத்துவிடுவான். ஒருநாள் கப்பல்கள் பற்றிய பெரிய ஆங்கிலப் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன், "மிஸ், இது தப்பு" என்றான். இழுவலைப் படகு ஒன்றின் படம், வலை படகின் பக்கவாட்டில் இறங்குகிறது. "எங்க போட்ல பின்னாடிதான் மிஸ் எறக்குவாங்க. சைடுல எறக்குனா போட்டு சாயும்." எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்று இராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஐரோப்பியக் கடல்களில் முன்பு பக்கவாட்டில்தான் வலை இறக்கியிருக்கிறார்கள், பின்பக்கம் இறக்கும் படகுகள் பிற்பாடு வந்தவை. படமும் சரி, அவனும் சரி. மறுநாள் சொன்னதும் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்போ அந்தக் காலத்துப் போட்டா மிஸ் இது?" என்று பக்கத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

நம் கரையில் வலை எப்படி இறங்கும் என்று ஒரு துண்டுச்சீட்டில் அவனையே எழுத வைத்து அந்தப் பக்கத்தில் செருகினேன். அதைப் பார்க்கவே வேறு வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். அது ரெஃபரன்ஸ் புத்தகம், வெளியே கொடுக்கக் கூடாது. ஏப்ரல் 15-ல் தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பா வீட்டில்தான் இருப்பார், அவருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டான். என் பெயரில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஜூனில் திரும்பி வந்தபோது அவன் சீட்டோடு இன்னும் இரண்டு சீட்டுகள், அப்பா சொல்லச் சொல்ல இவன் எழுதியவை. மீனவர் வீட்டுப் பிள்ளைக்காக வலையையும் படகையும் பற்றி நல்ல படங்களோடு ஒரு தமிழ்ப் புத்தகம் எங்கள் அலமாரியில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அது எனக்கு ஆறவே ஆறாத குறை.

என் வாசிப்பு என்ன ஆயிற்று என்றும் சொல்கிறேன். நாவல் படிப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது ஒரு படக்கதைப் புத்தகம் கையில் வந்தால் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். வாக்கியம் மூச்சுக்குள் அடங்குகிறதா, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்குப் படம் தெரியுமா, பக்கம் திருப்புகிற இடத்தில் கதை பிள்ளையை நிறுத்தி வைக்கிறதா என்று பார்ப்பேன். புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, ஓரக்கண்ணால் வரியைப் பார்த்தபடி படிக்க வேண்டும். அதற்கு முக்கால்வாசி மனப்பாடமாக இருந்தால்தான் முடியும். நடுவில் ஒருத்தி எழுந்து வந்து படத்தில் இருக்கிற பூனையைத் தடவுவாள், தடவட்டும் என்று நிறுத்த வேண்டும். எனக்காக மட்டும் படித்த காலத்தில் இத்தனை உன்னிப்பாக நான் எதையும் படித்ததில்லை. இழந்தேன் என்று சொல்ல மாட்டேன். வேறு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான். உனக்கு அது பிடிக்குமா என்று உன்னையே கேட்டுக்கொள்.

கஷ்டங்களையும் சொல்லிவிடுகிறேன். இங்கே சேர்ந்தபோது சம்பளம் பாதியாகக் குறைந்தது, அப்பாவின் சம்பளம் இருந்ததால் தாக்குப்பிடித்தோம். அரசு நூலகத்துக்கு டி.என்.பி.எஸ்.சி. எழுத வேண்டும், அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், இடங்களும் கொஞ்சம். பொதுத் தேர்வு நெருங்கினால் லைப்ரரி பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்வார்கள். போய் வாதாட வேண்டும், நான் வாதாடுகிறேன். எத்தனையோ பள்ளிகளில் புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர் தலையில் விழும் என்று பீரோவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இதில்தான். ஐந்து விதிகள் அச்சான அதே 1931-ல், மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1948-லேயே நமக்குப் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல். இன்றும் வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி கட்டுகிறோம். இப்படிப்பட்ட ஊரில் புத்தகம் பூட்டுக்குள் இருக்கலாமா?

அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவையோ, மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூலகத்தையோ மனதில் வைத்துக்கொண்டு வராதே. அவை நன்றாக இருக்கின்றன, போய்ப் பார். உனக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு மின்விசிறி, ராமபாணப் பூச்சி அரித்த பழைய தொகுப்புகள், மணி அடித்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவருகிற நாற்பது பிள்ளைகள். அந்த நாற்பது பேரைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, கயல். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதனால் ராஜினாமாக் கடிதத்தை இப்போது கொடுக்காதே. ஏப்ரலில் எங்களுக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன். புத்தகம் வந்ததும் எண் போட்டுப் பதிகிற அக்சஷன் ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகச் சரிபார்க்க வேண்டும், அதற்கு முந்தைய வாரம் வரை சின்ன வகுப்புகளுக்குக் கதை நேரமும் உண்டு. பதினைந்து நாள் லீவ் போட்டுவிட்டு வா. தலைமையாசிரியரிடம் நான் கேட்டு வைக்கிறேன். காலையில் ஒன்றாம் வகுப்புக்கு நீ கதை படி, மத்தியானம் என்னோடு தூசி தட்டு. அப்போதும் இதே எண்ணம் இருந்தால் அப்பாவிடம் நானே பேசுகிறேன், பி.லிப். ஃபீஸையும் நானே கட்டுகிறேன். டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். தூசிக்கு உனக்குத் தும்மல் வரும், மாஸ்க் எடுத்து வா.

அன்புடன்,
அம்மா