புதுப் பொயிலர் வாங்கும் முன்

அன்புள்ள சிவா,

உன் கடிதமும் நீ கீறி அனுப்பிய படமும் கிடைத்தன. பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறை 17 பாகைக்கு மேல் ஏறவில்லை, அம்மா அதில்தான் படுக்கிறார் என்று வாசித்ததும் மனம் கேட்கவில்லை. கட்டினவர் சொல்கிறார் என்று உன் 24 கிலோவாட் கொம்பியை (வீட்டுச் சூட்டுக்கும் குழாய்க்கும் தண்ணீர் சூடாக்கும் பொயிலர்) கழற்றிவிட்டு 35 போட்டுவிடாதே. உன் வீட்டில் குறை பொயிலரில் இல்லை.

மேல்மாடி பின் அறையும் இப்போது குளிர்கிறது, முன் ஹோல் மட்டும் கொதிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பொயிலருக்கு வலு போதாவிட்டால் வீடு முழுக்கக் குளிரும். ஒரு பக்கம் கொதித்து மறுபக்கம் குளிர்ந்தால், பொயிலரின் சுடுதண்ணீர் சில ரேடியேற்றர்களுக்குள் மட்டும் சுலபமாக ஓடித் திரும்புகிறது என்று அர்த்தம்.

உன் படத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன். 6க்கு 4 மீற்றர் அறை, மூன்று வெளிச்சுவர், கூரைக் கண்ணாடியோடு 10 சதுர மீற்றர் கண்ணாடி. இங்கிலாந்தின் இப்போதைய கட்டட விதிப்படி சுவருக்கு யூ மதிப்பு (ஒரு பாகை வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீற்றரால் வெளியேறும் வாற்று) 0.18, கூரைக்கு 0.15, கண்ணாடிக்கு 1.4. வெளியே மைனஸ் 3, உள்ளே 21 என்றால் காற்றோட்டத்தையும் சேர்த்து ஏறக்குறைய 1.1 கிலோவாட்தான் இழக்கும். சுவர்கள் எல்லாம் சேர்ந்து விடுவதைவிட அந்தக் கண்ணாடி மூன்று மடங்கு விடுகிறது. இரவில் தடித்த திரை போடு. இந்த 1.1க்காக எவரும் பொயிலர் மாற்றத் தேவையில்லை.

ரேடியேற்றரை மட்டும் கவனி. அதன் அட்டையில் உள்ள எண், தண்ணீர் அறையைவிடச் சராசரி 50 பாகை கூடச் சூடாக இருந்தால்தான் கிடைக்கும். வித்தியாசம் 30 ஆனால் பாதிதான். ஆகவே 2.2 கிலோவாட் என்று எழுதியதைப் பார்த்து வாங்கு.

முதல் சோதனைக்குக் காசு வேண்டாம். மற்ற ரேடியேற்றர்களின் வால்வுகளை மூடி, புது அறையினதை மட்டும் திறந்து வைத்துச் சூடாக்கு. நன்றாகச் சுட்டால் பைப்பில் அடைப்பில்லை, தண்ணீரை ரேடியேற்றர்களுக்குப் பிரிக்கும் பங்கீடுதான் பிழை. அப்போதும் வெதுவெதுப்பாகவே இருந்தால் தரைக்குள் பார்க்க வேண்டும். ரேடியேற்றரின் இரண்டு முனைப் பைப்பையும், திரும்பும் பைப்பை விட்டுவிட்டு, பொயிலரிலிருந்து போகும் பைப்பிலேயே இணைத்துவிடும் பிழை நிறைய நடக்கிறது. அப்படியானால் இரு முனையிலும் ஒரே அழுத்தம், தண்ணீர் ரேடியேற்றருக்குள் போகாது. மேலே மட்டும் குளிர்ந்தால் காற்று, கீழே மட்டும் குளிர்ந்தால் கறுப்புச் சேறு.

உன் படத்தில் எனக்கு உறுத்துவது, ஏற்கனவே நாலு ரேடியேற்றருக்குப் போகும் 15 மில்லிமீற்றர் பைப்பின் கடைசியில் புது அறையை ஒட்டியிருப்பது. 15 மி.மீ. செப்புப் பைப்புக்கு 6 கிலோவாட் அளவில் வைத்துக்கொள்வது நல்லது. 22க்கு 13 வரை போகலாம். பிளாஸ்ரிக் பைப் என்றால் உள்ளே செருகும் குழல் துவாரத்தை இன்னும் சுருக்கிவிடும். ஒட்சிசன் புகாத ரகம்தானா என்றும் பார். இல்லையென்றால் உள்ளே துருப்பிடித்துச் சேறு ஓயாது.

பங்கீடு செய்யும் விதம் இது. ரேடியேற்றர் வால்வுகளின் தெர்மோஸ்ரற் தலைகள் எல்லாவற்றையும் கழற்று, எல்லா லொக்ஷீல்டையும் (ரேடியேற்றரின் மறுமுனையில் ஓட்டத்தின் அளவை வைக்கும் வால்வு) முழுக்கத் திற. குளிர்ந்த நிலையில் தொடங்கி எது முதலில் சுடுகிறது என்று வரிசையாகக் குறி. முதலில் சுடுவதன் லொக்ஷீல்டை மூடி, கால் சுற்று மட்டும் திற. வரிசையில் பிந்தியவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு போ. கடைசி முழுக்கத் திறந்தே இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு 15 நிமிடம் காத்திரு. ஒவ்வொன்றிலும் போகும் பைப்புக்கும் திரும்பும் பைப்புக்கும் ஏறக்குறைய 20 பாகை வித்தியாசம் வர வேண்டும். பளபளக்கும் செப்பை லேசர் தெர்மோமீற்றர் பிழையாகக் காட்டும். கறுப்பு ரேப் சுற்றி அதன்மேல் அள.

இதற்கும் மசியாவிட்டால்தான் புதுப் பைப். பொயிலருக்குப் பக்கத்தில், முதல் கிளைக்கு முன்பே பிரித்து, போகவும் வரவும் 22 மி.மீ. போட்டு, தரையில் போகுமிடமெல்லாம் காப்பு உறை சுற்றச் சொல். தண்ணீரை வடிக்கும் அன்றே நன்றாகக் கழுவி, திரும்பும் பைப்பில் காந்த வடிகட்டி பொருத்திவிடு. நிரப்பும்போது 100 லீற்றருக்கு ஒரு லீற்றர் துருத்தடுப்பு மருந்து. குளிர்ந்திருக்கையில் அழுத்தம் 1 முதல் 1.5 பார். பொயிலர் மூடியைத் திறக்கும் வேலையோ காஸ் வேலையோ வந்தால் காஸ் சேஃப் (பிரித்தானியாவில் காஸ் வேலை செய்வோரின் சட்டப்படியான பதிவேடு) பதிவுள்ளவர் மட்டுமே தொட வேண்டும்.

ஹோலில் உள்ள தெர்மோஸ்ரற்றுக்குப் புது அறையின் குளிர் தெரியாது. ஹோல் சுட்டதும் பொயிலரை நிறுத்திவிடும். ஆகவே ஹோல் ரேடியேற்றரின் லொக்ஷீல்டை மற்றவற்றைவிட இறுக்கமாக வை. அந்த ரேடியேற்றரில் தெர்மோஸ்ரற் தலை வேண்டாம். புதுப் பைப் போடுவதாயின் மோட்டார் வால்வும் தனித் தெர்மோஸ்ரற்றும் சேர்த்து, அம்மாவின் அறையைத் தனி வலயமாக்கிவிடு.

சனிக்கிழமை சோதனையைச் செய்து, எந்த ரேடியேற்றர் எத்தனையாவதாகச் சுட்டது, இரண்டு பைப்பும் எத்தனை பாகை என்று எழுதி அனுப்பு. பைப் வாங்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அம்மாவை மேலே முன் அறையில் படுக்க வை.

அன்புடன்,
ரவி